புயலின் வலது கால், புழுதியின் இடது கால்

இந்த அவையின் தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே பத்து விரல்களையும் விரித்துப் "பத்தே நிமிடம்" என்று நினைவூட்டிக்கொண்டிருக்கும் எங்கள் கால்பந்துக் கழகத் தலைவர், மதிப்பிற்குரிய ஐயா சுந்தரமூர்த்தி அவர்களே! வைட்ஃபீல்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பி, வண்டி நெரிசலில் ஊர்ந்து, விளக்கு வைக்கும் வேளையில் தொம்மலூர் வந்து சேர்ந்திருக்கும் நீலப்பொறி கேம்ஸ் நிறுவனத்தின் நிறுவனர் திரு. கவின் அவர்களே! இந்த மைதானத்தின் கல்லையும் கண்ணாடிச் சில்லையும் கையால் பொறுக்கிக் கழகத்தை வளர்த்த பெரியோர்களே! பெண்பிள்ளைகளின் முட்டிக்காயத்துக்கு மருந்து தடவிய கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கும் தாய்மார்களே! இன்றைய ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியும் முகம் வாடாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் வீராங்கனைகளே! நாலாவது வரிசையில் மகளோடு அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தோழி சோனியா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இன்று நான் கோபமாக வந்திருக்கிறேன்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'வாழ்த்துரை' என்று அச்சடித்திருக்கிறார்கள். சங்கமித்ரா வருவாள், சால்வை வாங்குவாள், சிரிப்பாள், சம்மதம் சொல்வாள், சமோசா சாப்பிட்டுவிட்டுப் போவாள் என்பது திட்டம். சமோசா சாப்பிடுகிறேன் ஐயா. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

எதற்குச் சம்மதம்? தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நீலப்பொறி நிறுவனத்தில் நான் படம் வரையும் வேலையில் இருந்தேன். அங்கே 'புழுதிப் புயல்' என்று ஒரு கைப்பேசி விளையாட்டை உருவாக்கினேன். இரண்டு பெண்கள் கால்பந்து ஆடுவார்கள். ஒருத்தி பெயர் புயல், இன்னொருத்தி பெயர் புழுதி. நான்கு பாகங்கள் வந்துவிட்டன. ஐந்தாம் பாகம் இன்று இந்த மேடையில் வெளியாக வேண்டும். பாத்திரங்கள் என் கற்பனை என்பதால், ஒவ்வொரு புதுப் பாகத்துக்கும் என் சம்மதம் தேவை என்பது ஒப்பந்தம். நான் சரி என்று சொன்னால், இந்த மைதானத்துக்கு நிறுவனம் புல்தரை போட்டுத் தரும். சொல்லாவிட்டால் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும், ஐயா சுந்தரமூர்த்தி ஏன் இப்படி வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்று.

ஐந்தாம் பாகத்தின் பெயரைச் சற்று அந்தப் பதாகையில் படியுங்கள். 'புயல்'. வெறும் புயல்! புழுதி எங்கே? புழுதியைத் துடைத்துவிட்டார்கள்! யார் துடைத்தது, எப்போது துடைத்தது, எந்தத் துணியால் துடைத்தது? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

தாய்மார்களே, வீடியோ கேமில் 'பவர்-அப்' என்று ஒன்று உண்டு. ஆடுகிற பாத்திரம் ஓடிப்போய் ஒரு பொருளை எடுக்கும். எடுத்ததும் அதற்குத் திடீரென்று வலு கூடும். சில விளையாட்டில் பழம், சில விளையாட்டில் வாள். என் விளையாட்டில் பூட்ஸ். அதுவும் ஜோடியாக அல்ல, ஒற்றை பூட்ஸ்!

ஏன் ஒற்றை? இங்கே இருக்கும் பாதிப்பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதோ, பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள், நீங்களும் அப்படி ஆடியவர்கள்தானே!

சோனியா காக்ஸ் டவுனிலிருந்து பேருந்து ஏறி இந்த மைதானத்துக்கு ஆட வருவாள். எனக்கு வீடு இங்கேயே, பின் தெருவில். இருவருக்கும் பதின்மூன்று வயது. சிவாஜிநகர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினோம். யாரோ பெரிய ஆள் போட்டுக் கழித்தது. விரல் பக்கம் துணி அடைத்தால்தான் காலில் நிற்கும். ஆள் இரண்டு, ஜோடி ஒன்று. என்ன செய்வது? நான் வலது காலால் உதைப்பவள். சோனியா இடது காலால் உதைப்பவள். ஆளுக்கு ஒன்று! மற்ற கால் வெறுங்கால். சண்டையும் இல்லை, சமரசமும் இல்லை. தொம்மலூரில் அப்படித்தான் ஆடினோம், பக்கத்துப் பேட்டைகளிலும் அப்படித்தான் ஆடினார்கள். நடுவர்? நடுவர் அந்த நேரத்தில் வானத்தில் பருந்து பார்ப்பார்!

ஒருநாள் இறுதியாட்டம். எதிரணிப் பெண்கள் எங்கள் காலைக் காட்டி, "ஏ, ஒந்தே ஷூ நோடே!" என்று கன்னடத்தில், அதாவது ஒற்றை ஷூவைப் பாருடி என்று, விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. பந்து என் இடது பக்கம் வந்துவிட்டது. என் இடது கால் வெறுங்கால். காலையில்தான் கல் குத்தி நகம் பெயர்ந்திருந்தது. எனக்கு அடிக்கத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கோடியிலிருந்து சோனியா, "குடுடீ! குடுடீ! எனக்குக் குடுடீ!" என்று கத்திக்கொண்டு வந்தாள். கொடுத்தேன். அடித்தாள். உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு நான் ஏன் நிமிர்ந்து பார்த்தேன்? நான் நல்லவள் என்பதாலா? இல்லை ஐயா, இல்லவே இல்லை! என்னிடம் ஒரு பூட்ஸ் இல்லை என்பதால் பார்த்தேன். என்னிடம் இல்லாதது அவளிடம் இருந்தது என்பதால் பார்த்தேன்.

அதுதான் முதல் பாகம். அப்படியே வைத்தேன். புயலுக்கு வலது பூட்ஸ், புழுதிக்கு இடது பூட்ஸ். பூட்ஸை எடுத்தால் மூன்று உதைக்கு வலு. மூன்று முடிந்ததும் பூட்ஸின் நிறம் மங்கிவிடும். மறுபடி ஒளிர வேண்டுமா? பந்தை மற்றவளுக்குக் கொடு! கொடுத்தால் அவளுக்கு வலு ஏறும். அவள் திருப்பிக் கொடுத்தால் உனக்கு ஏறும். ஒரு கை தட்டினால் ஓசை வராது, ஒருத்தி ஆடினால் கோல் வராது. ஒரே கைப்பேசியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, ஒருத்தியின் வலது கட்டைவிரலும் இன்னொருத்தியின் இடது கட்டைவிரலுமாக ஆடினார்கள். பேருந்தில் ஆடினார்கள். கல்லூரி நடையில் ஆடினார்கள். அலுவலக வண்டியில் ஆடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்து இருக்கையில் கைப்பேசியை நீட்டி, "ஒரு சைடு புடிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்! அந்த வெற்றியில்தான் நீலப்பொறிக்கு இரண்டாவது மாடி வந்தது. உண்மையா இல்லையா, கவின் சார்? தலையாட்டுகிறார். நன்றி.

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை ஆரம்பித்தது.

இரண்டாம் பாகத்தில் புயலுக்கு இரண்டு காலிலும் பூட்ஸ் வந்தது. மூன்று உதை ஆறு உதையானது. பந்தைக் கொடுக்கும் பொத்தான் இருந்தது, ஆனால் கொடுக்கத் தேவை இல்லை. தேவை இல்லாததை யார் அழுத்துவார்கள்? மூன்றாம் பாகத்தில், "யாருமே பாஸ் குடுக்கிறதில்ல, டேட்டா பாருங்க" என்றார்கள். சோற்றைப் பிடுங்கிக்கொண்டு, "பசியில்லை போலிருக்கிறது" என்று சொல்வது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயம் இது! புயலின் காலில் நெருப்பு வந்தது. முதுகில் இறக்கை வந்தது. பூட்ஸ் தங்கமானது. புழுதி? புழுதி ஒரு பொத்தான் ஆனாள். அழுத்தினால் ஓடிவருவாள், பந்தை எடுத்துக் கொடுப்பாள், மறைந்துவிடுவாள். அவள் கோல் அடிக்க முடியாது. அவள் காலில் பூட்ஸும் கிடையாது. இடது பூட்ஸைத்தான் புயல் மாட்டிக்கொண்டாளே!

நான் அந்தப் பாகத்தோடு வேலையை விட்டேன். சம்மதக் கையெழுத்தை மட்டும் விடாமல் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் ஆவேன்.

நான்காம் பாகம். இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நான்காம் பாகத்தில் புழுதி மைதானத்துக்கு வெளியே நிற்கிறாள். கோட்டுக்கு வெளியே! கையில் தண்ணீர் பாட்டில்! புயலுக்கு வலு குறைந்தால், அரை நிமிட விளம்பரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் புழுதி ஓடிவந்து தண்ணீர் கொடுப்பாள். புயல் ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கி எறிவாள், புழுதி அதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போவாள். யார் அவள்? இறுதியாட்டத்தில் கோல் அடித்தவள்! பொறுக்குவதற்கா அவளை வரைந்தேன்? குனிவதற்கா அவளுக்குக் கால் வரைந்தேன்?

என்ன தம்பி? ஒலிவாங்கியின் சத்தத்தைக் குறைக்கிறாயா? குறை, குறை. எனக்குத் தொண்டை இருக்கிறது. இந்த மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை!

சோனியா இன்று காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் மகள் ஷில்பாவுக்கு ஒன்பது வயது. "அம்மாவும் சங்கமித்ரா ஆன்ட்டியும்தான் இந்த கேம்ல வர்றவங்க" என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். குழந்தை நான்காம் பாகத்தை இறக்கி ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு கட்டமாகத் தாண்டுகிறது. அடுத்த கட்டத்தில் அம்மா வருவாள், அதற்கடுத்த கட்டத்தில் அம்மா கோல் அடிப்பாள் என்று தாண்டுகிறது. நாற்பது கட்டத்தையும் முடித்துவிட்டது! முடித்துவிட்டு சமையலறைக்கு வந்து கேட்டிருக்கிறது:

"அம்மா, தண்ணி குடுக்கிற அக்கா இருக்காங்கல்ல, அவங்கதான் நீயா?"

சோனியா என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "ஆமாண்டி கண்ணு, வெயில்ல ஆடுனா தாகம் எடுக்கும்ல" என்றாளாம். அப்படிச் சொல்லிவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏய் மித்ரா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? அந்தப் பொண்ணு ஒரே ஒரு வாட்டி பந்தத் தொடற மாதிரி வெய்யிடி. புள்ள பாக்கணும்ல" என்றாள். இவ்வளவு பெரிய ஆட்டக்காரி, ஒரே ஒரு தடவை பந்தைத் தொட என்னிடம் கேட்கிறாள்!

அந்த வாரமே நீலப்பொறிக்குப் போனேன். ஐந்தாம் பாகத்தில் சரிசெய்யுங்கள் என்றேன். செய்தார்கள் ஐயா, நன்றாகச் செய்தார்கள். "தண்ணீர் பாட்டில் காட்சி சிலருக்கு மனவருத்தம் தருகிறது" என்று குறித்துக்கொண்டு, பாட்டிலை எடுத்துவிட்டார்கள், பாட்டிலைப் பிடித்திருந்த ஆளையும் சேர்த்து! இப்போது புயலுக்கு வலு குறையவே குறையாது. விழமாட்டாள், களைக்கமாட்டாள், காலில் கல் குத்தாது. தீராத சக்தி! இருக்கட்டும், தீராத சக்தி யாரைத் தேடும்? யாரை நிமிர்ந்து பார்க்கும்? யாரிடம் "குடுடீ" என்று கேட்கும்?

ஐயா கவின் ஏதோ சொல்ல விரும்புகிறார். சொல்லுங்கள் சார், இன்னொரு ஒலிவாங்கி உங்கள் முன்னால்தான் இருக்கிறது.

"மேடம், இதுல யாரையும் இன்சல்ட் பண்ற எண்ணம் இல்லைங்க. செகண்ட் பார்ட்ல நீங்கதானே ரெண்டு பூட்ஸ் குடுத்தீங்க? அதுல இருந்து ஒவ்வொண்ணா வளர்ந்ததுதாங்க எல்லாம்."

கேட்டீர்களா? எல்லோருக்கும் கேட்டதா? கூச்சல் போடாதீர்கள்! அவரை உட்காரச் சொல்லாதீர்கள்! திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து கம்பெனி கட்டிய மனிதர், இந்த மேடையில் இதுவரை யாரும் சொல்லாத உண்மையைச் சொல்லியிருக்கிறார். நானே சொல்ல நினைத்து, மேடை ஏறியதிலிருந்து நழுவிக்கொண்டே வந்த உண்மை அது.

இரண்டாம் பாகம் தொடங்கும்போது வைட்ஃபீல்டில் ஒரு கூட்டம். குளிர்சாதன அறை, நீள மேசை, பன்னிரண்டு பேர். புதிதாகச் சேர்ந்திருந்த தயாரிப்புப் பிரிவுத் தலைவி மமதா, திரையில் புயலின் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார்: "சங்கமித்ரா, இந்தப் பொண்ணுக்கு இன்னொரு ஷூ எங்க? ஃபைல் மிஸ்ஸிங்கா? இது பக் தானே?" பக் என்றால் பிழை, மென்பொருளில் வரும் கோளாறு. கேட்டதில் தவறில்லை. ஒற்றை பூட்ஸோடு ஆடுகிற பெண்ணை அவர் எங்கே பார்த்திருப்பார்? கேட்டால் சொல்ல வேண்டியவள் நான்தானே?

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பிழை இல்லை மேடம். எங்களிடம் ஒரு ஜோடிதான் இருந்தது. நானும் என் தோழியும் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டோம்." இரண்டே வரி! அந்த இரண்டு வரி என் தொண்டைவரை வந்தது. அந்தப் பன்னிரண்டு பேரின் காலையும் மேசைக்கு அடியில் பார்த்தேன். எல்லோர் காலிலும் வெள்ளை வெளேரென்று ஷூ. என் காலிலும் அன்றைக்குப் புது ஷூ. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஆமா மேடம், மிஸ்ஸிங்தான். அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடறேன்."

அன்று மாலையே உட்கார்ந்து, என் கையால், இந்தக் கையால், புழுதியின் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிப் புயலுக்கு மாட்டினேன். வைட்ஃபீல்ட் பிடுங்கவில்லை தாய்மார்களே. தொம்மலூர்க்காரி பிடுங்கினாள்! அதற்குப் பிறகு நெருப்பும் இறக்கையும் விளம்பரமும் வைத்தது அவர்கள். ஆனால் முதல் பூட்ஸைத் திருடியது நான். எனக்கு யார்மேல் கோபம் என்று இவ்வளவு நேரம் யோசித்திருப்பீர்கள். பாதிக் கோபம் கவின் சார் அமர்ந்திருக்கும் அந்த நாற்காலியின் மேல். மீதிப் பாதி இந்த ஒலிவாங்கியின் முன்னால் நிற்பவள் மேல்.

சோனியா எழுந்து நிற்கிறாள். வழி விடுங்கள். பேசட்டும்.

"வெக்கமா இருந்துச்சாடி மித்ரா?"

இருந்தது சோனியா. ரொம்ப வெட்கமாக இருந்தது. ஒரு பூட்ஸோடு ஆடியபோது வராத வெட்கம், இரண்டு ஷூ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது வந்தது. இத்தனை ஆண்டு உன்னிடம் இதைச் சொல்லாமல் மறைத்தேன். என்னை மன்னித்துவிடு என்று நாலு பேர் முன்னால் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அதைக் கேட்க உன் வீட்டுக்கு வருகிறேன்.

இதோ, தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். சத்தமாகவே படிக்கிறேன். 'புல்தரை, புல்தரை, மறக்காதே அம்மா.' மறக்கவில்லை ஐயா! உங்களுக்கு அது பேராசை இல்லை என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் முட்டியை நானும் பார்த்தேன். இந்த மண்ணில் விழுந்தால் தோல் உரியும். புல் வந்தால் உரியாது. 'வேண்டாம்' என்று நான் சொல்கிற ஒரு வார்த்தைக்கு அந்தப் பிள்ளைகளின் முட்டி விலை கொடுக்கும். இதை மறைத்துவிட்டு வீர வசனம் பேசினால் நான் மனுஷியே இல்லை. நேற்று முழுக்க இதையே நினைத்துச் சோறு இறங்கவில்லை எனக்கு.

ஆனாலும் பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள். புல் போட்ட மைதானத்தில், பந்தைக் கொடுக்கத் தெரியாத ஒருத்தியின் படத்தை நட்டுவைத்து, அதன் கீழே உங்களை ஆடச் சொல்லட்டுமா? இன்று நீங்கள் மூன்று கோல் வாங்கினீர்களே, ஏன் வாங்கினீர்கள்? காலில் வலு இல்லையா? ஆளாளுக்குத் தனியாக ஓடினீர்கள்! ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை! என்னம்மா முறைக்கிறாய்? ஆமாம், பத்தாம் எண், உன்னைத்தான் சொல்கிறேன். வலது பக்கம் உன் தோழி காலியாக நின்று கத்தினாளா இல்லையா?

"கத்துனா ஆன்ட்டி. நான்தான் குடுக்கல."

கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள உனக்குப் பத்து நொடி ஆனது. எனக்குப் பத்து ஆண்டு ஆனது. நீ என்னைவிடப் பெரிய ஆட்டக்காரியாக வருவாய்.

கவின் சார், அன்று அந்த அறையில் சொல்ல வேண்டியதை இன்று இந்த மைதானத்தில் சொல்கிறேன். உங்கள் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை பூட்ஸ் பிழை அல்ல. எங்களிடம் ஒரு ஜோடிதான் இருந்தது. வலது என்னுடையது, இடது சோனியாவுடையது. ஐந்தாம் பாகத்துக்கு என் சம்மதம் கிடையாது. புழுதி கோட்டுக்கு உள்ளே வந்து, காலில் பூட்ஸோடு, பந்தைத் தொட்டு, கோல் அடிக்கிற நாளில் என்னைக் கூப்பிடுங்கள்; ஒரு காசு வாங்காமல் வந்து உட்கார்ந்து வரைந்து தருகிறேன். புல்தரையைப் பற்றி உங்களைக் கெஞ்சமாட்டேன். கால்பந்து பிடித்திருந்தால் போடுங்கள். புயலைப் பிடித்திருப்பதால் மட்டும் போடுவதாக இருந்தால், உங்கள் அலுவலக வாசலில் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் கேட்டு முப்பது நிமிடம் தாங்கிய தலைவருக்கு நன்றி. எதிரில் இருந்தும் எழுந்து போகாமல் கேட்ட கவின் அவர்களுக்கு நன்றி. சத்தத்தைக் குறைத்து, மறுபடி தானாகவே கூட்டிவைத்த ஒலிபெருக்கித் தம்பிக்கு நன்றி. கைதட்டியவர்களுக்கும், கைதட்டாமல் புல்தரையை நினைத்து மனம் நொந்து அமர்ந்திருப்பவர்களுக்கும் நன்றி. உங்கள் கோபமும் நியாயமானதுதான், அதை வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டுங்கள்.

ஷில்பா கண்ணு, கடைசியாக உனக்கு ஒரு வார்த்தை. அந்த நாற்பது கட்டத்திலும் நீ தேடிப் பார்த்தாயே, உன் அம்மா கிடைக்காமல் போனதற்கு உன் ஆட்டம் காரணம் இல்லை. நான்தான் அவளை எடுத்துவிட்டேன்.

வணக்கம்.